கடைமடைக்கு அப்பால் கோடிக்கரை

தமிழ் நாட்டின் படத்தை மேஜைமேல் விரித்து, சென்னைப் பட்டினத்தில் விரலை வைத்துக் கடலோரமாகவே தெற்கு நோக்கி நகர்த்திக்கொண்டு வாருங்கள். மாமல்லபுரம், புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் ஆகியவற்றையெல்லாம் கடந்து விரல் தெற்கேயே சென்றுகொண்டிருக்கும். பிறகு ஓரிடத்தில் கரையானது எதையோ நினைத்துக்கொண்டதுபோல் சட்டென்று மேற்கே திரும்பிவிடும். சோழவள நாடு முடிவடைகிற அந்த மூலைக்குத்தான் கோடிக்கரை என்று பெயர். 'கோடி' என்றால் முனை. பெயர் வைத்தவர்கள் பூகோளம் நன்கு அறிந்தவர்கள் என்பதில் சந்தேகமில்லை.

1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையின் வாயிலாக இந்த ஊரை அறிந்தவர்கள் அநேகர். அவர்களிற் பலர் கோடிக்கரையை ராஜா காலத்து இடம் என்றே மனத்தில் வைத்திருக்கிறார்கள். ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ரயில் உண்மையாகவே இருக்கிறது. முன்னொரு காலத்தில் கோடிக்கரை வரையிலுமே அது சென்றதுண்டு. இப்போது அகஸ்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை உள்ள 37 கிலோமீட்டர் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2023 ஏப்ரல் மாதத்தில் ரயில் மறுபடியும் ஓடத் தொடங்கிற்று.

இந்தப் பிரயாணத்தில் ஜன்னலோரத்தில் உட்காருகிறவர்கள் பாக்கியசாலிகள். முதலில் பச்சைப் பசேலென்று நெல் வயல்கள். பிறகு வாய்க்கால்கள் வரவரக் குறுகுகின்றன. மண்ணில் மணல் கலக்கிறது. தென்னையும் சவுக்கும் புகையிலைக் கொல்லையும் தலைகாட்டுகின்றன. கடைசியில் வயலே இல்லை. வானமும் வெளுத்த சேற்று வெளியும்தான். தஞ்சை நாட்டு விவசாயிகள், ஆற்று நீர் கடைசியாக வந்து சேரும் வயலைக் 'கடைமடை' என்பார்கள். நாம் அந்தக் கடைமடையையும் தாண்டி வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

மழை நன்றாகப் பெய்து காவேரியில் வெள்ளம் வருகிற ஆண்டுகளிலெல்லாம் பத்திரிகைகளில் ஒரு வாசகம் தவறாமல் காணப்படும்: "காவேரி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது." இதைப் படித்துவிட்டு நாமும் 'அடடா!' என்று வருத்தப்படுகிறோம். அந்த நீர் உண்மையில் வீண்தானா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வந்து சேரவேண்டிய இடம் இந்தக் கோடிக்கரை.

மறைக்காடு

கோடிக்கரைக்குப் போகிறவர்கள் முதலில் வேதாரண்யத்தில் இறங்குவதே வழக்கம். 'திருமறைக்காடு' என்பது இதன் பழைய தமிழ்ப் பெயர். வேதங்கள் பூஜித்து அடைத்துவைத்த கோயிற் கதவை அப்பர் பெருமான் பாடித் திறந்தார் என்றும், ஞானசம்பந்தர் பாடி மீண்டும் அடைத்தார் என்றும் கூறும் வரலாறு நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். 'திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு' என்ற வசனமும் எல்லாரும் கேட்டதே. நமது யாத்திரைக்கு முக்கியமானது பெயரின் பின்பாதி. அந்தக் காலத்திலேயே இது காடு. மறையும் காடும் ஒன்றாயிருந்த ஊர். கோயில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. காடு மட்டும் பின்வாங்கிப் பின்வாங்கித் தென்கோடிக்குப் போய்விட்டது.

உப்பு மண்

வேதாரண்யத்துக்குத் தெற்கே சிறிது தூரத்தில் அகஸ்தியம்பள்ளி. இங்கே ஒரு ஸ்தூபி நிற்கிறது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி, தமிழ் வருஷப் பிறப்பன்று, ராஜாஜியின் தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார்கள். 150 மைல் நடந்து 28-ந் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ந் தேதி காலையில் ராஜாஜி இந்த மண்ணில் குனிந்து உப்பை அள்ளினார், கைதானார். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறை என்று அப்போதைய தஞ்சை ஜில்லாக் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியிலுள்ள மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள் என்று சொல்லப்படுகிறது. மரத்தைச் சிறையில் போட எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது?

இவ்வூர் நாவிதர் வைரப்பன் செய்ததும் மறக்கத்தக்கதல்ல. தம்மிடம் க்ஷவரம் செய்துகொள்ள உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மாஜிஸ்டிரேட் மிச்சத்தையும் முடிக்கச் சொன்னபோது, வேண்டுமானால் தாங்களே செய்துகொள்ளலாம் என்று பெட்டியை அவர் பக்கம் நீட்டினாராம். அதற்காகச் சிறை சென்றார். வேதாரண்யத்தில் அவருக்கும் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

அன்று நம்மவர்கள் கேட்டதென்ன? "இந்த உப்பு கடலும் வெயிலும் கொடுத்தது, எல்லாருக்கும் பொது, இதைத் தனக்கென்று அடைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை" என்பதுதான். அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இன்று சாலையின் மேற்கே கண்ணுக்கெட்டிய வரையில் உப்பளங்கள். சிறிய உற்பத்தியாளர்கள் உண்டு. பெரிய இரசாயனத் தொழிற்சாலைகளுக்கென ஆயிரக்கணக்கான ஏக்கரில் அமைந்த பாத்திகளும் உண்டு. உப்பு விளையும் விதம் வேடிக்கையானது. கடல் நீரை அகன்ற தேக்கத்தில் நிறுத்துகிறார்கள். வெயிலில் நீர் வற்றி உப்புச் சத்து ஏற ஏற, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றுகிறார்கள். சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் முன்னதாகவே படிந்துவிடும். கடைசிப் பாத்திக்கு வரும்போது நீர் கனத்து, வெள்ளைப் பரல்களாக உப்பு கட்டுகிறது. அதை வாரி வரப்பில் குவிக்கிறார்கள். தை மாத வெயிலில் அந்தக் குவியல்களைப் பார்த்தால் கண் கூசுகிறது.

பாத்தியில் வாரிக்கொண்டிருந்த வயதான அம்மாள் ஒருவரிடம், "இந்த வருஷம் மழை எப்படி அம்மா?" என்று கேட்டோம்.

"மழை வந்தா எங்களுக்கு வேலை இல்லீங்க, ஐயா. மழை வராட்டி ஊருக்குக் குடிதண்ணி இல்லே. நாங்க சாமிகிட்டே எதைன்னு கேக்கறது, சொல்லுங்க?" என்றார் அவர்.

கோடிக்கரையின் சங்கடம் முழுவதையும் இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது.

மானும் குதிரையும்

கோடியக்காடு கிராமத்தைத் தாண்டினால் சரணாலயம் ஆரம்பமாகிறது. 1967-ஆம் ஆண்டில் இது ஏற்படுத்தப்பட்டது முக்கியமாக வெளிமான்களுக்காக. ஊட்டி, முதுமலைக் காடுகளைப் போல் வானளாவும் மரங்களை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். கடற்காற்றில் தலை வாரிவிட்டதுபோல் ஒரே உயரத்தில் நிற்கும் குட்டை மரங்கள். கோடையிலும் இலை உதிராத காடு. பாலை மரமும் உகாய் மரமும் மிகுதி. கீழே சங்கஞ்செடியும் மருளும் முள்ளுமாகப் பின்னிக் கிடக்கின்றன. மூலிகைகள் நிறைந்த காடு என்று வைத்தியர்கள் இதைக் கொண்டாடுவார்கள். காட்டுக்கு நடுநடுவே புல்வெளிகள். அங்கேதான் வெளிமான்.

பெயரே அதன் குணத்தைச் சொல்கிறது. அடர்ந்த காட்டில் ஒளிவது அதற்குப் பிடிக்காது. வெளியிலே நிற்க வேண்டும். தூரத்திலேயே பகையைக் காண வேண்டும். பிறகு காற்றாய்ப் பறக்க வேண்டும். கிடாவின் முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, தலையில் முறுக்கிவிட்ட இரண்டு கொம்புகள். பெட்டையும் குட்டியும் மணல் நிறம். புள்ளிமானின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. வெளிமானின் கொம்போ ஆயுள் முழுவதும் உதிராதது. பாரத பூமிக்கும் அதன் அண்டை நிலங்களுக்கும் சொந்தமான பிராணி இது.

எங்களோடு வந்த காவலர் திடீரென்று கையை உயர்த்தினார். "நில்லுங்க சார். நாம நிக்கிற வரைக்கும் அதுவும் நிக்கும்" என்றார். ஐம்பது அறுபது மான்கள் தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தன. குழந்தைகளும் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். பிறகு எங்கிருந்தோ ஒரு குதிரை கனைத்தது. ஒரு மான் துள்ளிற்று, அடுத்ததும் துள்ளிற்று, வரிசை முழுவதும் அலைபோல் எழும்பி எழும்பி மறைந்தது.

இந்தக் குதிரைகள் ஒரு காலத்தில் வீட்டு விலங்குகளாயிருந்து, விடுபட்டுக் காட்டிலே பெருகியவை. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆயினும் மான் மேய வேண்டிய புல்லை இவை மேய்கின்றன. அதோடு, சீமைக் கருவேலின் நெற்றுக்களைத் தின்று விதைகளைப் புல்வெளியெங்கும் பரப்புகின்றன. கருவேல் வளர்ந்தால் புல் மடிகிறது. புல் மடிந்தால் வெளி இல்லை. வெளி இல்லையானால் வெளிமானும் இல்லை. வனத்துறையினர் கருவேலை வெட்டி வேரோடு எடுக்கிறார்கள். ஒருமுறை எடுத்தோம், முடிந்தது என்று கைகழுவக்கூடிய காரியமன்று அது.

இறகு முளைத்த யாத்திரிகர்கள்

காட்டுக்கு மேற்கே பாக் நீரிணைக்கு இணையாகச் சுமார் 48 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடப்பது வேதாரண்யத்துப் பெரிய சதுப்பு. ஒரு மணல் திட்டுத்தான் அதைக் கடலிலிருந்து பிரிக்கிறது. கோடையில் உப்புப் பூத்த வெற்றுத் தரை. ஐப்பசி மழை பெய்ததும் அதுவே முழங்கால் ஆழ ஏரி. அந்த ஏரிக்குத்தான் உலகத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் விருந்தாளிகள் வருகிறார்கள்.

கட்ச் வளைகுடாவை அடுத்த ரண் பிரதேசத்தில் கூடு கட்டும் பூநாரைகள் வருகின்றன. ஓராள் இடுப்புக்கு மேல் உயரம். ரோஜா நிறக் கால்கள். கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் அமிழ்த்திச் சேற்று நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்ணிய பாசியையும் பூச்சியையும் உண்ணும். கூட்டமாக எழும்பும்போது இறக்கையின் உட்புறச் சிவப்பு ஒரே கணத்தில் விரிகிறது. நீரின்மேல் யாரோ பட்டுப் புடவையை உதறிக் காட்டினாற் போலிருக்கும்.

பூநாரையைக் கண்டு வியப்பவர்கள், அதன் காலடியில் ஓடித்திரியும் கொசு உள்ளானைக் கவனிப்பதில்லை. சிட்டுக்குருவி அளவே உள்ள பறவை. ஆர்க்டிக் கடலையடுத்த சைபீரியப் பனிவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு, மலையும் பாலையும் கடந்து இந்தச் சேற்றைத் தேடிக்கொண்டு வருகிறது. 1960-களின் ஆரம்பத்தில் ஸாலிம் அலி இங்கு வந்து பார்த்து, இந்த இடத்தின் மகிமையை எடுத்துரைத்தார். பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் சிறு வளையம் மாட்டிப் பறக்க விட்டார்கள். 'கண்டெடுப்பவர் பம்பாய்ச் சங்கத்துக்குத் தெரிவிக்கவும்' என்பது வளையத்தில் பொறித்துள்ள செய்தியின் சாரம். கோடிக்கரையிலிருந்து போன அந்தக் கடிதங்களுக்கு ருஷிய நாட்டிலிருந்தெல்லாம் பதில் வந்திருக்கிறது. தபால் கட்டணம் இல்லாத சர்வதேச உறவு!

2002-ஆம் ஆண்டில் இந்தச் சதுப்பும், தலைஞாயிற்றுக் காடும், முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் சேர்ந்த 38,500 ஹெக்டேர் பரப்பு, ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலமாக அங்கீகரிக்கப்பட்டது. தமிழ் நாட்டில் அந்தக் கௌரவத்தைப் பெற்ற முதல் இடம் இதுவே.

முனையிலே

காட்டு வழியே தெற்கே சென்றால் சிறு மேடு ஒன்று வருகிறது. சில மீட்டர் உயரந்தான். ஆனால் இந்தத் தட்டை நிலத்தில் இதுவே சிகரம். உச்சியில் ஒரு கல்லில் இரண்டு பாதச் சுவடுகள். இராமர் பாதம் என்பார்கள். இலங்கை இருக்கும் திக்கை நோக்கி இராமபிரான் இங்கே நின்றான் என்பது ஐதிகம். மாலை வேளையில் அங்கு நின்று பார்த்தால் ஒருபுறம் காடு, ஒருபுறம் சதுப்பின் வெள்ளி விளிம்பு, அப்பால் கடல்.

கோடிக் குழகர் கோயில் காட்டை அடுத்து அமைதியாக நிற்கிறது. சுந்தரமூர்த்தி நாயனார் இங்கு வந்தபோது, கடற்காற்று மோதும் இந்தக் கரையில் துணையின்றித் தனியே இருக்கிறாரே என்று சுவாமிக்காக வருந்திப் பாடினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இது தனிமையான இடமாகவே இருந்ததென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கடற்கரையில் வெள்ளைக்காரர் காலத்துக் கலங்கரை விளக்கமும், பின்னாளில் எழுந்த உயரமான விளக்கமும் உண்டு. சோழர் காலத்தது என்று ஊரார் காட்டிவந்த செங்கற் கட்டடத்தின் பெரும்பகுதியை 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப் பேரலை கொண்டுபோய்விட்டது. மழைக்காலம் தொடங்கியதும் வேற்றூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து, கரையில் கொட்டகை போட்டுச் சில மாதம் தங்கி மீன் பிடிக்கிறார்கள். தை, மாசியில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலில் முட்டையிடுகின்றன. வனத்துறையினர் அவற்றைச் சேகரித்துக் காத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள்.

எது வீண்?

இனி நாம் கொண்டுவந்த கேள்விக்கு வருவோம். கடலில் கலக்கும் காவேரி நீர் வீணா?

மேற்கே முத்துப்பேட்டையில் பாமணியாறும் கோரையாறும் கிளைதாங்கியாறும் கடலைச் சேருமிடத்தில் அலையாத்திக் காடு இருக்கிறது. 'அலையை ஆற்றும் காடு' என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். ஆற்று நீரும் கடல் நீரும் அளவாகக் கலந்தால்தான் அந்தக் காடு செழிக்கும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அந்தக் கலப்பு நீரில் வளர்ந்துதான் கடலுக்குத் திரும்புகின்றன. சதுப்பிலும் அப்படியே. மழை நீரும் ஆற்று வடிநீரும் வந்து உப்பைத் தணித்தால், சேற்றில் புழுவும் பூச்சியும் பெருகும், உள்ளான் உண்ணும். அளவான உப்பில் வாழும் நுண்ணிய இறால்கள் உண்டு. அவற்றைப் பூநாரை உப்பளத் தேக்கத்திலும் வந்து உண்பதுண்டு. ஆகையால் உப்பளம் என்றாலே பறவைக்கு எமன் என்று சொல்லிவிடக் கூடாது. உப்பு அளவு மீறும்போதுதான் உயிரற்ற நீராகிறது.

1934-ல் மேட்டூர் அணை எழுந்தது முதல் காவேரி நீர் மேலும் மேலும் பாசனத்துக்குக் கட்டுப்பட்டது. அது தப்பென்று சொல்வாரில்லை. நாம் உண்ணும் சோறு அதனால் விளைந்தது. ஆனால் கடைமடைக்கு அப்பாலும் ஒரு மடை உண்டு என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்துபோனோம். இங்கே வந்து இறங்கும் நல்ல நீர் குறைந்தது. உப்பளங்களின் பரப்பு பெருகியது. கடல் நீரின் போக்குவரத்தும் மாறியது. ஒரு காலத்தில் வந்த அளவுக்கு இப்போது பறவைகள் வருவதில்லை என்பது, பல்லாண்டாக இங்கே அவற்றைக் கணித்தவர்களின் முடிவு.

2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் 'கஜா' புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிற்று. பாலை மரங்களும் முறிந்தன. மான்களும் பறவைகளும் மாண்டன. பெருத்த நஷ்டந்தான். ஆயினும் முறிந்த மரங்களில் பலவும் மறு மழைக்குத் தளிர்த்தன. புயலிலிருந்து மீளக் காட்டுக்குத் தெரியும்; அது ஆயிரம் புயலைக் கண்ட காடு. வராமற்போகும் நீரிலிருந்து மீளும் வழிதான் அதற்குத் தெரியாது.

காகிதத்தில் எல்லை போட்டுச் சரணாலயம் என்று எழுதினால் மானைக் காத்துவிடலாம், வேட்டைக்காரனைத் தடுத்துவிடலாம். நீருக்கு அந்த எல்லை தெரியாது. அது எங்கோ குடகு மலையில் புறப்பட்டு, எத்தனையோ மதகுகளைக் கடந்து இங்கே வர வேண்டியது. 1930-ல் இந்த மண்ணின் உப்பு எல்லாருக்கும் பொது என்று நம் பெரியோர்கள் சிறை சென்று நிலைநாட்டினார்கள். இந்த மண்ணுக்கு வரும் நீரும் பொதுவே. உப்பு வாரும் அம்மாளுக்கும், இறால் பிடிக்கும் மீனவனுக்கும், ஆர்க்டிக்கிலிருந்து வரும் கொசு உள்ளானுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பங்கை 'வீண்' என்று எழுதுவது நியாயமாகாது.

போகிறவர்களுக்கு

தை மாதம் தக்க காலம். பறவைகள் இன்னும் திரும்பியிரா; பல பாத்திகளில் உப்பும் கட்டத் தொடங்கியிருக்கும். கோடிக்கரையில் பெரிய ஹோட்டல்களை எதிர்பார்க்க வேண்டாம். வேதாரண்யத்தில் தங்கி, விடியற்காலையில் புறப்படுவது நல்லது. குடிதண்ணீரைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். காலிப் பாட்டில்களையும் கையோடு திருப்பிக் கொண்டுவாருங்கள். மானுக்கும் குரங்குக்கும் பட்சணம் கொடுத்துப் புண்ணியம் தேட வேண்டாம். குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். சதுப்பின் விளிம்பில் அவர்களை நிறுத்தி, "தலைக்காவேரியில் பிறந்த நீர் இதுவரைக்கும் வருகிறது" என்று சொல்லுங்கள். வரும் ஆண்டுகளிலும் அதை மெய்யாகச் சொல்லும்படி வைத்திருப்பது நமது பொறுப்பு.